நாலரை மணிக்கு மேல் இன்னொரு பள்ளிக்கூடம்

இரவு எட்டரை மணிக்குத் தெருமுனை ஸ்டேஷனரி கடை வாசலில் சற்று நின்று பாருங்கள். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் குனிந்து, “அண்ணே, மஞ்சள் சார்ட் ஒண்ணு கிடைக்குமா?” என்று கேட்டுக்கொண்டிருப்பார் ஓர் அப்பா. அடுத்தவருக்கு வாகனங்கள் படம் போட்ட தாள் வேண்டும். அவருக்குப் பின்னால் மூச்சு வாங்க வந்து நிற்கும் அம்மா, “நாளைக்கு ஃபேன்சி டிரஸ்… பாரதியார் மீசை இருக்கா?” என்பார். இருக்கும். சுற்றுவட்டாரப் பள்ளிகள் எந்த வாரம் எதைக் கேட்கும் என்பது பெற்றோரைவிடக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

அந்த மஞ்சள் சார்ட் விஷயம் பிள்ளையின் டைரியில் ஏறியது மதியம் மூன்று மணிக்கு. பிள்ளை வீட்டுக்கு வந்தது நாலரைக்கு. நடுவே நான்கு மணி நேரம் அந்த டைரியை யாரும் திறக்கவில்லை. அக்கறை இல்லாமல் இல்லை. பையை மூலையில் போட்ட கையோடு ஹிந்தி டியூஷன், அது முடிந்ததும் அபாகஸ், வந்ததும் குளியல், தோசை, அம்மாவுக்கு ஆபீஸிலிருந்து ஒரு போன், தம்பிக்கு மூக்கு ஒழுகுகிறது என்று மருந்துக் கடைக்கு ஓர் ஓட்டம். எட்டேகாலுக்குத்தான் “அம்மா, மிஸ் சார்ட் கேட்டாங்க” என்று பிள்ளைக்கே ஞாபகம் வருகிறது.

சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மாலை ஏன் இப்படி மூச்சு முட்டுகிறது என்று கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ‘நேர மேலாண்மை’. அட்டவணை போடுங்கள், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமையே காய் நறுக்கி டப்பாவில் வையுங்கள். இந்த யோசனைகள் எல்லாமே அம்மாக்களைப் பார்த்துத்தான் சொல்லப்படுகின்றன, குறை அவர்களுடைய சாமர்த்தியத்தில் இருக்கிறது என்ற நினைப்பில். ஒரு பேப்பரும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டால் வேறொன்று தெரியவரும்.

படுக்கையிலிருந்து பின்னோக்கி

கணக்கைப் பள்ளி விடும் நேரத்திலிருந்து தொடங்கக் கூடாது. தூங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி வர வேண்டும். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 3 முதல் 5 வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 10 முதல் 13 மணி நேரம். ஏழேகாலுக்கு வேன் வருகிறது என்றால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஆறு மணிக்காவது எழுந்தாக வேண்டும். அப்படியானால் ஒன்பது மணிக்குக் கண் அசந்திருக்க வேண்டும், அதுவும் குறைந்தபட்சக் கணக்கில். எல்.கே.ஜி. பிள்ளைக்கு எட்டு மணி. விளக்கை அணைத்த நொடியில் எந்தப் பிள்ளையும் தூங்கிவிடாது; தண்ணி, ஒண்ணுக்கு, ஒரு கதை, இன்னொரு கதை என்று அரை மணி போகும். ஆக, எட்டரைக்குப் படுக்கை.

பள்ளி மூன்றரைக்கு விட்டாலும் வேன் ஊரைச் சுற்றி வந்து சேர நாலரை. கையில் இருப்பது நான்கு மணி நேரம். முகம் கழுவி, உடை மாற்றி, ஏதாவது சாப்பிட முக்கால் மணி. குளியலுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் ஒன்றேகால் மணி. ஊட்டிவிடும் வயதென்றால் கேட்கவே வேண்டாம். வீட்டுப்பாடத்துக்கும் பை அடுக்கவும் அரை மணி. மிச்சம் ஒன்றரை மணி. விளையாட்டு, அண்ணன் தம்பி சண்டை, தாத்தாவோடு கடைக்குப் போவது, ஒன்றும் செய்யாமல் தரையில் படுத்து ஃபேனைப் பார்ப்பது எல்லாம் இதற்குள். இப்போது ஒரு மணி நேர வகுப்பையும், போகக் கால் மணி, வரக் கால் மணியையும் சேருங்கள். ஒன்றரை மணியும் காலி. இரண்டாவது வகுப்புக்கு நேரம் எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்துதான். எத்தனை வண்ணத்தில் அட்டவணை போட்டு ஒட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதனால் மாலையை அடுக்கிவைப்பதற்கு முன்னால், எதை எடுத்துவிடலாம், எதைத் தொடவே கூடாது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

வந்ததும் வெடிக்கும் பிள்ளை

“ஸ்கூல்ல தங்கமான பையன்னு மிஸ் சொல்றாங்க. வீட்டுக்கு வந்தா ஆடித் தீர்க்கறான்.” எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் காதில் விழும் பேச்சு இது. இரண்டுமே உண்மை. ஆறேழு மணி நேரம் வரிசையில் நின்று, வாயில் விரல் வைத்து உட்கார்ந்து, கையைத் தூக்கி அனுமதி வாங்கிக்கொண்டு ஒண்ணுக்குப் போய், பக்கத்துப் பையன் பென்சிலைப் பிடுங்கியதைப் பொறுத்துக்கொண்டு வந்திருக்கிறது அந்தக் குழந்தை. அடக்கி வைத்ததெல்லாம் சொந்த ஆளைப் பார்த்ததும் வெளியே வருகிறது. ஷூ லேஸ் முடிச்சு அவிழவில்லை என்று அது புரண்டு அழும்போது, அழுகைக்குக் காரணம் லேஸ் இல்லை.

சரியாக அந்த நேரத்தில்தான் நாம் விசாரணையைத் தொடங்குகிறோம். “டிபன் பாக்ஸ் காலி பண்ணியா? இன்னிக்கு என்ன நடத்துனாங்க? டிக்டேஷன்ல எவ்வளவு?” வரும் பதில் ஒரே சொல்: “ஒண்ணுமில்ல.” முதல் இருபது நிமிடத்துக்குக் கேள்வியே வேண்டாம். பிறகு கேட்கும்போதும் பிள்ளை பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும் கேள்வியாகக் கேளுங்கள். “இன்னிக்கு யார் பக்கத்துல உக்காந்த?” என்று கேட்டால் ஒரு கதை வரும். “மிஸ் யாரையாவது திட்டுனாங்களா?” என்று கேட்டால் பெருங்கதையே வரும்.

வெடிப்பில் பாதி, பசி. பன்னிரண்டு மணிவாக்கில் அவசர அவசரமாகத் தின்று, பாதியைத் திருப்பிக் கொண்டுவந்த பிள்ளைக்கு நாலரை மணிக்கு நாலு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் பாலும் கொடுக்கிறோம். ஆறரைக்கு அது மறுபடி பசிக்கிறது என்கிறது. ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் பிரிகிறது. ஒன்பது மணிக்குத் தட்டில் சப்பாத்தி வைத்தால் வாய் திறப்பதில்லை. “சாப்பிடவே மாட்டேங்கறா டாக்டர்” என்று அதற்கொரு வைத்தியம் வேறு. நாலரை மணியை நொறுக்குத் தீனிக்கு விடாமல் ஒரு சின்னச் சாப்பாட்டுக்குக் கொடுத்துவிட்டால் இதில் பெரும்பகுதி தீரும். காலையில் மிஞ்சிய இட்லியை உதிர்த்துத் தாளித்த உப்புமா, தயிர் சாதம், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பணியாரம், தை மாதமென்றால் பனங்கிழங்கு. வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு கை கொண்டைக்கடலையைத் தண்ணீரில் போட்டுவிட்டால், மாலை குக்கரில் நாலைந்து விசில், சுண்டல் தயார். முழு வேர்க்கடலை மட்டும் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வேண்டாம், மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். பொடித்து, வெல்லம் சேர்த்து உருண்டையாகப் பிடித்துக் கொடுக்கலாம்.

நாலரைக்கு வயிறு நிறைந்த பிள்ளைக்கு இரவில் கொஞ்சம் போதும், ஏழு ஏழரைக்கே போதும். இங்கே குறுக்கே நிற்பது சமையல் இல்லை, “அப்பா வரட்டும், எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்” என்ற ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் அப்பா சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் ஊர்ந்து ஒன்பது மணிக்கு வருகிறவரென்றால், அந்த ஆசைக்குப் பிள்ளை ஒரு மணி நேரத் தூக்கத்தைக் கொடுக்கிறது. சேர்ந்து சாப்பிடக் காலைச் சாப்பாடு இருக்கிறது, சனி ஞாயிறு இருக்கிறது.

வெளிச்சம் இருக்கும்போதே

மாலை வேலைகளில் எதையும் முன்பின்னாக மாற்றிக்கொள்ளலாம். சூரியனை மட்டும் முடியாது. சென்னையில் ஜூலை தொடக்கத்தில் மாலை 6.40 வாக்கில் மறையும் சூரியன், நவம்பரில் 5.40-க்கே இறங்கிவிடும். நாலரைக்கு வீடு வரும் பிள்ளைக்கு அப்போது கிடைப்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகமான பகல். பெரும்பாலான வகுப்புகள் நடப்பது அதே ஐந்து முதல் ஆறு வரை. உள்ளே போகும்போது வெயில், வெளியே வரும்போது தெருவிளக்கு.

இதில் கண் பார்வையும் இருக்கிறது. கிட்டப்பார்வை பெருகி வந்த தைவான், பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் திறந்த வெளியில் விடும் திட்டத்தை 2010-ல் தொடங்கியது. சீனாவின் குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பன்னிரண்டு பள்ளிகளில் ஆறில் மட்டும் தினமும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் அந்தப் பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம்; வழக்கம்போல நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015-ல் வெளியான முடிவு இது. வெயிலில் வறுபட வேண்டும் என்பதில்லை. நன்றாக விளக்கு எரியும் அறையில் சில நூறு லக்ஸ் வெளிச்சம் இருந்தால், மேகம் மூடிய பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும். அந்த வேறுபாட்டைக் கண் உணர்கிறது. ஓடியாடுவது தனிக் கணக்கு. 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது உடல் நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்.

எங்கே விளையாடுவது என்பது நியாயமான கேள்வி. அபார்ட்மென்டில் ‘பந்து விளையாடக் கூடாது’ பலகை, தெருவில் பைக்குகள். இதற்கு நான் பார்த்தவரையில் பலன் தந்த ஒரே வழி, நாலைந்து வீடுகள் கூடி முறை வைத்துக்கொள்வது. திங்கள் ஒரு வீட்டுப் பெரியவர், செவ்வாய் அடுத்த வீட்டுப் பெரியவர், கேட் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மற்ற வீடுகளில் அந்த ஒரு மணி நேரம் அடுப்படி வேலை நிம்மதியாக நடக்கும். ஐந்து மணி வகுப்பை ஆறுக்கோ சனிக்கிழமைக் காலைக்கோ மாற்ற முடியுமா என்று வகுப்பு நடத்துகிறவரைக் கேளுங்கள். நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஐந்து மணிக்குத் தூங்கி வழியும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்களும்தான் படுகிறார்கள்.

கொடுக்கக் கூடாத வீட்டுப்பாடம்

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது. இது யாருடைய கருத்தும் இல்லை. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.கிருபாகரன் பிறப்பித்த உத்தரவு. அந்த ஆண்டு நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் அதையே சுற்றறிக்கையாக அனுப்பியது. கூடவே, இந்த இரண்டு வகுப்புகளின் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்றது. 2020-ல் வந்த பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்றது. வீட்டுப்பாடத்தையும் வகுப்புவாரியாகப் பிரித்தது: 3 முதல் 5 வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம். நாளுக்கு என்று தவறாகப் படித்துவிடாதீர்கள், வாரத்துக்கு. 6 முதல் 8 வரை நாளுக்கு ஒரு மணி நேரம். அந்தக் கொள்கையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுப்பதற்குப் பதில், நேற்று மாலை வீட்டில் என்ன விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று வகுப்பில் பேச வைக்கச் சொல்கிறது. மாலை என்று ஒன்று இருந்தால்தானே பிள்ளை அதைப் பற்றிப் பேசும்?

டைரியைப் புரட்டினால் நாலு பக்கம் கர்சிவ் ரைட்டிங் இருக்கிறது. ஆறு வயதில் மணிக்கட்டின் சின்னச் சின்ன எலும்புகள் எல்லாம் இன்னும் முழுதாக உருவாகியிருப்பதில்லை. அவற்றில் ஓர் எலும்பு எக்ஸ்ரேயில் தெரிய ஆரம்பிப்பதே ஒன்பது பத்து வயதுவாக்கில்தான். கை வலிக்கிறது என்று பிள்ளை சொல்வதை எப்போதும் சாக்காக எடுத்துக்கொள்ள முடியாது.

பள்ளிகளை மட்டும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. “என்ன ஸ்கூல் இது, ஹோம்வொர்க்கே தர்றதில்ல” என்று பிரின்சிபால் அறைக்குப் போய் நிற்பவர்கள் நம்மில் நிறைய. பக்கத்துப் பள்ளியில் யு.கே.ஜி.யிலேயே பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியதும் ஆசிரியருக்கு நெருக்கடி போகிறது. அங்கிருந்து டைரிக்கு, டைரியிலிருந்து நம் மாலைக்கு. தெர்மாகோலில் எரிமலை செய்து, அதில் பிள்ளை கை வைத்தால் அப்பா திட்டும் ‘ப்ராஜெக்ட்’ கூத்தும் இந்த வகைதான்.

வீட்டளவில் செய்ய ஒன்று இருக்கிறது. சின்ன வகுப்புப் பிள்ளைக்கு இருபது நிமிடம் என்று எல்லை போடுங்கள். அதற்குள் முடிந்தது முடிந்தது. முடியாததற்குக் கீழே ‘இன்று இவ்வளவுதான் முடிந்தது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். பல ஆசிரியர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை; பெற்றோரே இடது கையால் எழுதிக் கொடுத்து அனுப்புவதைவிட இது அவர்களுக்கும் உபயோகம். மிச்சப்படும் நேரத்தில் பத்து நிமிடம் கதை வாசிக்கலாம். தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு நிலைகளில் சிறு சிறு கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறது. ப்ரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

டைரியை எட்டேகாலுக்குத் திறக்காமல் ஐந்து மணிக்குத் திறப்பது என்ற ஒரு பழக்கம், மேலே பார்த்த ஸ்டேஷனரி கடைக் கூட்டத்தைப் பாதியாக்கிவிடும்.

டியூஷன் அக்காவின் திண்ணை

இவ்வளவு படித்த ஒருவர் கோபப்பட நியாயம் உண்டு. ‘வகுப்பைக் குறை, டியூஷனை நிறுத்து என்கிறீர்கள். நாலரை மணிக்குப் பிள்ளையைக் கூப்பிட வீட்டில் யார் இருக்கிறார்கள்?’

உண்மை. மாலைப் பிரச்சினையின் நடுமுள் இதுதான். தமிழ்நாட்டில் டியூஷன் என்று நாம் சொல்வதில் கணிசமான பங்கு, பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. தெருவில் ஒரு அக்கா, பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டோடு இருப்பவர், மாதம் சில நூறு ரூபாய்க்குப் பதினைந்து பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்திருப்பார். மூன்றாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் ஒரே பாய். அவர் சொல்லிக் கொடுக்கிறாரா என்பதைவிட, இருட்டிய பிறகு பிள்ளை பத்திரமாக ஓர் இடத்தில் இருக்கிறதா என்பதற்குத்தான் அந்தப் பணம். அம்மா ஏழரைக்கு வந்து அழைத்துப் போவார்.

திருப்பூருக்குப் போனால் இதன் முழு வடிவம் தெரியும். பனியன் கம்பெனிகளில் காலை எட்டரைக்கு ஏறினால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். ஆர்டர் அவசரமென்றால் இரவு எட்டரை வரை இழுக்கும், அதற்குப் பெயர் ஒன்றரை ஷிப்ட். கணவன் மனைவி இருவரும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் வாடகையும் சீட்டுப் பணமும் கட்ட முடியும் என்ற வீடுகளில் ‘ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டரைக்குப் படுக்கை’ என்று யாருக்குச் சொல்வது? அங்கே ஒன்பது வயது அக்காதான் ஆறு வயதுத் தம்பிக்கு அம்மா. சோறு போட்டுக் கொடுத்து, கதவைத் தாழிட்டு, பெற்றோர் வரும்வரை டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவளுடைய மாலை எங்கே போனது என்று எந்தக் கணக்கிலும் வராது. இந்தப் பொறுப்பு பெரும்பாலும் பெண் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த ஓட்டை சட்டத்திலும் இருக்கிறது. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்றது; தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். அது ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை மனதில் வைத்தது. அங்கன்வாடியும் அப்படியே, அதுவும் மாலைக்குள் மூடிவிடும். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து பிள்ளைக்கு மாலை நேரத்தில் போக்கிடம் எதையும் சட்டம் யோசிக்கவில்லை.

யோசிக்காமலே அமைந்த ஒரு நல்ல காரியம் உண்டு. கொரோனாவில் விட்டுப்போன பாடங்களை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’. மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள், வீட்டுப் பக்கத்திலேயே, கோயில் மண்டபத்திலோ யாராவது ஒருவர் வீட்டு முற்றத்திலோ, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் கூடினார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை வாங்கிய தன்னார்வலர், பெரும்பாலும் அதே தெருப் பெண், பாட்டும் விளையாட்டுமாக நடத்தினார். கற்றல் இடைவெளி எவ்வளவு குறைந்தது என்பதைத்தான் எல்லோரும் அளந்தார்கள். வேலைக்குப் போன தாய்மாருக்கு அந்த மாலை நேரம் என்னவாக இருந்தது என்பதையும் அளந்திருக்கலாம். கற்றல் இழப்புக்கு என்று வந்ததைப் பிள்ளைகளின் மாலைக்கு என்றே நிரந்தரமாக்கினால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

வசதியுள்ள வீடுகளின் கதை வேறு. அங்கே பிள்ளையைக் கூப்பிட ஆள் இருக்கிறது. இருந்தும் வாரம் ஏழு நாளும் வகுப்பு. தட்சிண பாரத ஹிந்தி பிரச்சார சபாவின் பிராத்மிக், மத்தியமா, ராஷ்ட்ரபாஷா என்று பிப்ரவரி, ஆகஸ்ட் தேர்வுகள் வருடத்தை இரண்டாக வெட்டும். அதற்கு மேல் கீபோர்டு, பரதம், சிலம்பம், ஃபோனிக்ஸ். 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலகச் செஸ் சாம்பியனான பிறகு செஸ் வேறு. என் அபிப்பிராயம்: பத்து வயதுக்குள் ஒரே நேரத்தில் ஒரு வகுப்பு, வாரம் இரண்டு நாள் போதும். பிடிக்கவில்லை என்றால் பிள்ளை விட்டுவிடலாம் என்ற உரிமையோடு. ‘பணம் கட்டியாச்சு’ என்பது பெரியவர்களின் கவலை.

அடுப்பு, போன், அப்பா

ஆறரை மணிக்கு அடுப்படியில் நிற்கும் தாய்க்கு இருக்கும் ஒரே எடுபிடி செல்போன். அதைக் கொடுத்ததற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் பிரயோசனமில்லை. இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், மூன்று நான்கு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. வளர்ந்த பிள்ளைக்கு நேரத்தைவிட இடம் முக்கியம்: சாப்பாட்டுத் தட்டு முன்னால் கூடாது, தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் கூடாது. சமையல் நேரத்துக்கு என்று அரை மணி வைத்துக்கொண்டால் போகட்டும். என்னைக் கேட்டால் அதற்குப் போனைவிட டிவி மேல். கூடத்தில் எல்லோர் கண் முன்னாலும் ஓடும், ஒரு நிகழ்ச்சி முடிந்தால் முடியும். ஏழு மணிக்குப் பாட்டியின் சீரியல் வந்து ரிமோட்டைத் தானாகவே மீட்டுவிடும்.

பாட்டி என்றதும் ஒன்று. ‘வீட்ல பெரியவங்க இருக்காங்க, கவலையில்ல’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அறுபத்தைந்து வயதில், முழங்கால் வலியோடு, இரண்டு பிள்ளைகளின் பின்னால் நாலரையிலிருந்து எட்டு வரை ஓடுவது முழுநேர வேலை. அவருக்கும் வாரத்தில் இரண்டு மாலையாவது லீவு வேண்டும்.

அப்பாக்களுக்கு வருவோம். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். வீட்டாரைப் பராமரிக்க 137-க்கு 75. ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய 2019 கணக்கெடுப்பில் ஆண்களின் வீட்டு வேலை 97 நிமிடம். கூடவில்லை, குறைந்திருக்கிறது. இந்த எண்களோடு ‘அம்மாக்களுக்கான பத்து மாலை நேர டிப்ஸ்’ பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் “நான் என்ன செய்யணும், சொல்லு” என்று நிற்பதில் வேலை குறைவதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பதே வேலையில் பாதி. ஒரு துண்டை முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும். எட்டு மணிக்கு வரும் அப்பா என்றால் எட்டிலிருந்து ஒன்பது வரை: பல் துலக்க வைப்பது, நாளைய யூனிஃபார்ம், பை, தண்ணீர் பாட்டில், கதை, விளக்கு. அந்த நேரத்தில் அம்மா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே கூடாது. பையில் ரஃப் நோட் விட்டுப்போனால் அப்பாவே மறுநாள் டைரியில் பதில் எழுதட்டும். தாமதமாக வருகிறவர் காலை ஆறிலிருந்து வேன் வரை எடுத்துக்கொள்ளலாம். மாலைக்கு அதுவும் உதவும்தான், ராத்திரியே எல்லாம் எடுத்து வைத்துவிட வேண்டும் என்ற தவிப்பு அம்மாவுக்குக் குறையும். தனியாக வளர்க்கும் தாய் தந்தையருக்கு இந்த வழியும் இல்லை; அவர்களுக்குத்தான் அந்த நாலு வீட்டு முறையும் டியூஷன் அக்காவும் முதலில் தேவை.

பள்ளியிடம் கேட்க

வீட்டுக்குள் சரிசெய்ய முடிந்தது இவ்வளவு. மிச்சம் பள்ளியில் இருக்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பேசி முடித்த பிறகு மூன்று விஷயங்களைக் கேட்கலாம். சார்ட், மீசை, படத்தாள் எதுவானாலும் மூன்று நாள் முன்னதாகச் சொல்ல முடியுமா? மாலை ஆறு மணிக்கு மேல் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வேலை எதுவும் அனுப்பாமல் இருக்க முடியுமா? மூன்றாவது, விளையாட்டு மைதானத்தை ஆறு மணி வரை திறந்து வைக்க முடியுமா?

மூன்றாவது கேள்விக்குப் பல பள்ளிகளில் உடனே வரும் பதில், பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்பது. அரசுப் பள்ளி என்றால் அதைப் பேச இடம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்தான். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். மைதானத்துக்கு மாலையில் யார் பொறுப்பு, முறை வைத்து எந்தெந்தப் பெற்றோர் வந்து நிற்பது, சாவி யாரிடம் இருப்பது என்று அந்தக் குழு உட்கார்ந்து பேசித் தீர்மானம் போடலாம். தனியார் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகக் கேட்க வேண்டியிருக்கும். அங்கே ‘மைதானத்தில் மாலை ஐந்துக்கு ஸ்கேட்டிங் கோச்சிங் நடக்கிறது, மாதக் கட்டணம் தனி’ என்று பதில் வரலாம். வந்தால், கோச்சிங் இல்லாத நாட்கள் எவை என்று கேளுங்கள்.